வந்து நின்ற செய்தி

"நான் ஒன்றும் செய்யவில்லையே!" என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். குற்றமற்றவன் சொல்லுகிற வாக்கியம் அது. சற்று யோசித்துப் பார்த்தால், குற்றம் உள்ளவனும் சில சமயங்களில் அதையே, அதுவும் பொய் கலக்காமல், சொல்ல முடியும் என்று தெரிகிறது. நான் அப்படி ஒரு முறை சொன்னவன். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வாக்கியத்தின் எந்தப் பக்கத்தில் நான் நிற்கிறேன் என்று எனக்கு நிச்சயமாகவில்லை. வாசகர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு இன்னொரு முறை யோசித்துப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1972ஆம் ஆண்டு. எனக்கு வயது இருபது. விழுப்புரத்தில் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை மாலை ரயிலேறித் திண்டிவனத்தில் இறங்கி, தெரிந்தவர் கடையில் விட்டிருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவேன். திண்டிவனம் என்ற பெயரே புளியங்காடு என்ற பொருளில் வந்தது என்பார்கள். சாலையின் இரு பக்கமும் கவிந்திருந்த புளியமரங்களின் இருட்டுக்குள் சைக்கிள் மிதிக்கும்போது அது சரியென்றுதான் தோன்றும்.

அது புரட்டாசி மாதம். என் அத்தை தன் ஏழு வயது மகளுடன் பெரியப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். இரவு புழுக்கம் தாங்கவில்லை. அத்தையும் குழந்தையும் கொல்லைப்புறத்துத் தாழ்வாரத்தில் தரையில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார்கள். விடியற்காலை நாலரை மணிக்கு அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு முறை வாந்தி எடுத்தாள். பெரியம்மா ஓமத்தண்ணீர் காய்ச்சினாள். "வாயுக் கோளாறு. ராத்திரி மொச்சைக் கொட்டை சாப்பிட்டாளில்லையா?" என்றார் பெரியப்பா. உடம்பில் காயமில்லை, வீக்கமில்லை, வேறெங்கும் வலியில்லை. அத்தைக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. இரவெல்லாம் அவஸ்தைப்பட்டவள் தூங்கட்டும் என்று பாயிலேயே படுக்க வைத்தோம்.

அப்போது கிணற்றடியில் ஒரு முதியவர் நின்றுகொண்டிருந்தார். ஏரிக்கரையில் குடிசை போட்டிருந்த இருளர்களில் ஒருவர். எங்கள் வயலில் எலி பிடிப்பவர்; அறுவடைக் காலத்தில் இரவுக் காவலும் அவருடையதுதான். என்னைவிட நாற்பது வயதாவது மூத்தவர். அந்த நாளில் அவரை நான் 'நீ' என்றுதான் பேசினேன். வீட்டுக் குழந்தைகூட அப்படித்தான் பேசும். இன்று எழுதும்போது 'அவர்' என்று எழுதுகிறேன். இந்த மரியாதை அவருக்கு மிகவும் தாமதமாக வந்து சேருகிறது.

அவர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"சாமி, இது வவுத்து நோவு இல்லே. அம்மா கண்ணைப் பாரு. தூக்கமா அது? இமை தானா விழுது. கட்டுவிரியன் தீண்டினா வலிக்காது, வீங்காது. பொழுது ஏறங்காட்டியும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடச் சொல்லு."

"சரி, சரி. நீ போ" என்றேன்.

அவர் போகவில்லை. வேலியோரத்தில் குந்தினார். நான் உள்ளே போனேன். பெரியப்பாவிடம் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். அவர் ஈஸிசேரில் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். "இருளன் சொன்னானாம், இவன் கேட்டுக்கொண்டு வந்துவிட்டானாம்!" என்பார். பெரியம்மா சிரிப்பாள். விழுப்புரத்துக்குப் போய் நாலெழுத்துக் கணக்கு எழுதுகிறவனுக்கு இதுதானா புத்தி என்று ஊரிலும் பேசிக்கொள்வார்கள். 'அவருக்குத்தான் என்ன தெரியும், வெறும் வயிற்றுவலியாகவும் இருக்கலாமே' என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். வாசல் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகவே உட்கார்ந்திருந்தேன்.

ஓமத்தண்ணீரை மறுபடியும் புகட்டியபோது அது அத்தையின் மூக்கு வழியாக வந்தது. குழந்தை வீறிட்டு அழுதாள். "அந்தத் தாத்தா பாம்புன்னு சொன்னாரே! ஏன் யாருமே கேக்க மாட்டேங்கறீங்க?"

"எந்தத் தாத்தாடீ?" என்று பெரியப்பா எழுந்தார். என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்.

நான் பயந்துகொண்டிருந்த அந்த வாக்கியத்தை அவர் சொல்லவே இல்லை. "ஐயோ!" என்று ஒரு சொல். உடனே மேல்துண்டைக்கூட எடுக்காமல் கொல்லைப்பக்கம் ஓடி, அந்த முதியவரைத் தாழ்வாரத்துக்குள்ளேயே கூட்டி வந்தார். அதற்கு முன் அவர் அங்கே கால் வைத்ததில்லை. அவர் அத்தையின் முகத்தை ஒரு முறை பார்த்தார். "சீக்கிரம்" என்றார். நான் சைக்கிளில் பறந்து திண்டிவனத்திலிருந்து ஒரு வாடகைக் காரைக் கொண்டு வந்தேன். புதுச்சேரியில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் அத்தையை இறக்கியபோது மூச்சு நூலிழையாக ஓடிக்கொண்டிருந்தது.

விஷமுறிவு மருந்தை ஏற்றினார்கள். தொண்டைக்குள் குழாயைச் செலுத்தி, அதன் நுனியில் ஒரு ரப்பர் பையை மாட்டினார்கள். அந்தப் பையைக் கையால் அமுக்கினால் காற்று உள்ளே போகும். விட்டால் வெளியே வரும். அமுக்குவதை நிறுத்தினால் அத்தை இல்லை. மருத்துவ மாணவர்களும் நாங்களும் முறை வைத்துக்கொண்டு இரவும் பகலும் அமுக்கினோம். அத்தை கட்டை மாதிரிக் கிடந்தாள். இமை திறக்கவில்லை. நாமே இமையைப் பிரித்து வெளிச்சம் காட்டினாலும் கண்மணி அசையவில்லை. பார்க்க வந்த உறவினர் ஒருவர், "அவள் போய்விட்டாள், பிணத்துக்கு எதற்கு மூச்சு?" என்று தலையில் அடித்துக்கொண்டார். இளம் டாக்டர் ஒருவர் அவரை வெளியே அழைத்துப்போய், "தயவு செய்து அவர் காது கேட்க இப்படிப் பேசாதீர்கள். அவருக்கு எல்லாம் கேட்கும்" என்றார்.

எனக்கு உடம்பு சில்லிட்டது.

அன்றிரவு பையை அமுக்கிக்கொண்டே அந்த டாக்டரைக் கேட்டேன். "காது கேட்கிறதென்றால், மூளை வேலை செய்கிறதென்றால், இமை ஏன் அசையவில்லை?"

"உனக்கு எந்த ஊர், தம்பி?"

"விழுப்புரத்தில் வேலை, ஸார்."

"அப்படியானால் சொல்லுவது எளிது. சென்னையிலிருந்து மின்சார ரயில் எதுவரைக்கும்?"

"விழுப்புரம் வரைக்கும்." 1965இல்தான் விழுப்புரம் வரை மின்சாரம் வந்திருந்தது. அதற்கு அப்பால் கரி என்ஜின்.

"புதுச்சேரிக்கு வருகிறவன் என்ன செய்கிறான்? மின்சார வண்டியை விட்டு இறங்கி, பிளாட்பாரத்தில் நடந்து, இந்தப் பக்கத்து வண்டியில் ஏறுகிறான். நரம்பும் அப்படித்தான். மூளையிலிருந்து இமைவரைக்கும் அது ஒரே கம்பி அல்ல. மின்சாரம் நரம்பின் நுனிவரைக்கும் வந்து நின்றுவிடுகிறது. நுனிக்கும் தசைக்கும் நடுவில் ஓர் இடைவெளி. ஒரு தலைமயிரின் கனத்தை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குகூட வராத இடைவெளி. ஆனாலும் மின்சாரம் அதைத் தாண்டுவதில்லை. நரம்பின் நுனியில் நுண்ணிய பைகளில் ஒரு ரசாயனத்தை மூட்டை கட்டி வைத்திருக்கிறது. மின்சாரம் வந்து தட்டியதும் மூட்டை அவிழ்ந்து ரசாயனம் இடைவெளியில் கொட்டுகிறது. எதிர்க்கரையில் அந்த ரசாயனத்துக்கென்றே அமைந்த வாய்கள் இருக்கின்றன. அவை அதைப் பற்றிக்கொண்டதும் தசையில் புதிதாக ஒரு மின்சாரம் பிறக்கிறது, இமை அசைகிறது. எல்லாம் ஓர் இமைப்பொழுதில் நூறில் ஒரு பங்குக்குள் நடந்து விடுகிறது."

"பாம்பு என்ன செய்தது?"

"கட்டுவிரியன் வண்டியை நிறுத்தவில்லை, தண்டவாளத்தையும் பெயர்க்கவில்லை. நரம்பு நுனியைச் சிதைத்துவிட்டது. வண்டி வருகிறது, ஆனால் கதவு திறந்து யாரும் பிளாட்பாரத்தில் இறங்க முடியவில்லை. நல்ல பாம்பின் விஷம் வேறு மாதிரி. ஆட்கள் இறங்குவார்கள், எதிர் வண்டியின் வாசலை அது அடைத்துக்கொண்டு நிற்கும். அதை விலக்குவது சற்றுச் சுலபம். இங்கே நரம்பு நுனி மறுபடியும் முளைக்க வேண்டும். அதுவரைக்கும் நீயும் நானும் இந்தப் பையை அமுக்க வேண்டும்."

ஐந்தாம் நாள் வலது இமை ஒரு நெல் அளவு உயர்ந்தது. ஒன்பதாம் நாள் குழாயை எடுத்தார்கள். பத்தாம் நாள் மாலை, மற்றவர்கள் வெளியே போயிருந்தபோது, அத்தை என்னை அருகில் அழைத்தாள். குரல் தேய்ந்திருந்தது.

"அந்தப் பெரியவர் உங்கிட்ட சொன்னது எனக்குக் கேட்டுச்சு. நாக்கு புரளலே. நீ சொல்லப்போறே, இதோ சொல்லப்போறேன்னு காத்துக்கிட்டே கிடந்தேன்."

"நான்... நான் ஒன்றும் செய்யவில்லையே, அத்தை!" என்றேன். வேறு சொல் வாயில் வரவில்லை.

"ஆமாம்" என்றாள்.

நரம்பைப்பற்றி நான் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கதை எழுதுகிறவனுக்கு இந்தப் படிப்பு எதற்கு என்று நண்பர்கள் கேட்டதுண்டு. அந்தப் பதிலின் அர்த்தத்தைத் தேடித்தான் படித்தேன்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த இடைவெளியே ஒரு பெரிய வழக்காக இருந்தது. நரம்புகளெல்லாம் ஒன்றோடொன்று இடைவிடாமல் பின்னிய ஒரே வலை என்றார் இத்தாலியைச் சேர்ந்த கமில்லோ கோல்ஜி. இல்லை, ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனி. ஒன்றையொன்று நெருங்குமேயன்றி ஒட்டாது என்றார் ஸ்பெயின் நாட்டு ரமோன் இ கஹால். கோல்ஜி கண்டுபிடித்த சாயத்தைக் கொண்டே கஹால் இதைக் கண்டார் என்பதுதான் வேடிக்கை. 1906இல் நோபல் பரிசை இருவருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரே மேடையில் நின்று இருவரும் எதிரும் புதிருமாகப் பேசினார்கள். அந்தச் சந்திப்புக்கு 'ஸினாப்ஸ்' என்ற பெயரை ஷெரிங்டன் என்ற ஆங்கிலேயர் 1897லேயே வைத்திருந்தார்; இறுகப் பிடித்துக்கொள்ளுதல் என்ற பொருள்பட்ட கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். இடைவெளியை நேரில் பார்க்க 1950களில் எலெக்ட்ரான் நுண்நோக்கி வரவேண்டியிருந்தது. கஹால் சொன்னதுதான் சரியாயிற்று.

கோல்ஜி சொன்னது சரியாக இருந்திருந்தால் என்ன? ஒரே வலை, ஓரிடத்தில் தட்டினால் எங்கும் அதிரும். அதில் நடுவில் நிற்பவன் என்று எவனும் இல்லை. ஆகையால் அவனுக்குப் பொறுப்பும் இல்லை. நம்மில் பலர் சமூகத்தைப்பற்றி இப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம். செய்தி தானாகவே போய்ச் சேரும், அநியாயம் தானாகவே வெளிவரும், யாராவது சொல்லியிருப்பார்கள். அப்படியல்ல. நமக்கும் அடுத்தவருக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. செய்தி நம் நுனிவரைக்கும் வந்து நின்றுவிடும். அதற்கு மேல் நாம் நம்மிடமுள்ள எதையாவது அவிழ்த்துக் கொட்டினால்தான் அது கடக்கும். கிணற்றடியில் சொன்ன செய்தி என்னிடம் வந்து நின்றது. நான் எதையும் கொட்டவில்லை.

"அப்படியானால் காதில் விழுந்த ஒவ்வொன்றையும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய வேண்டுமா?" என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நரம்பணு அப்படிச் செய்வதில்லை. மூளையில் ஒரு நரம்பணுவின்மீது ஆயிரக்கணக்கான ஸினாப்ஸுகள் வந்து முடிகின்றன. சில 'போகட்டும்' என்கின்றன. சில 'வேண்டாம்' என்கின்றன. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் அது செய்தியை மேலே அனுப்புகிறது. வேண்டாம் என்பதற்கு வழியில்லாத நரம்பு மண்டலம் வலிப்பில் போய் முடியும். வதந்தியைத் தன்னோடு நிறுத்துகிறவன் ஊருக்கு நன்மைதான் செய்கிறான். ஆகவே, நின்றுவிட்டதே குற்றம் என்று சொல்லிவிட முடியாது.

இந்த இடத்தில்தான் பல நாள் நான் ஒளிந்துகொண்டிருந்தேன். 'நானும் எடைபோட்டுத்தான் பார்த்தேன். வயிற்றுவலியாகவும் இருக்கலாம் என்று நினைத்தேன்' என்று சொல்லிக்கொண்டேன். அந்த மறைவிடத்தை இரண்டு விஞ்ஞானிகள் பறித்துவிட்டார்கள்.

ஒருவர் ஆட்டோ லோவி. ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்தில் இருந்தவர். நரம்பு தன் செய்தியை மின்சாரத்தால் தாண்டுகிறதா, ரசாயனத்தால் தாண்டுகிறதா என்று உலகம் வாதாடிக்கொண்டிருந்தபோது, ஓர் இரவு அவருக்குக் கனவில் ஒரு சோதனை தோன்றியது. எழுந்து குறித்து வைத்தார். காலையில் தம் கையெழுத்தையே அவரால் படிக்க முடியவில்லை. அடுத்த இரவு அதே கனவு வந்தது. இம்முறை மூன்று மணிக்கு நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டார். இரண்டு தவளைகளின் இதயங்களை எடுத்து உப்பு நீரில் துடிக்க விட்டார். முதல் இதயத்தின் நரம்பைத் தூண்டினார், துடிப்பு மெதுவாகியது. அதைச் சுற்றியிருந்த நீரை எடுத்து இரண்டாவது இதயத்துக்கு விட்டார். அந்த இதயத்தை யாரும் தூண்டவில்லை. இரண்டுக்கும் நடுவில் எந்த நரம்பும் இல்லை. ஆனாலும் அதுவும் மெதுவாகியது. 1921இல் இதை வெளியிட்டார். 1936இல் ஹென்றி டேலுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். 1938இல் நாஜிகள் அவரைச் சிறைபிடித்து, பரிசுப் பணத்தைப் பறித்துக்கொண்டுதான் நாட்டைவிட்டு விட்டார்கள்.

அந்த இரண்டாவது இதயத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாயிருக்கிறது. வந்த பொருள் எந்தத் தவளையினுடையது என்று அது கேட்கவில்லை. ஏற்கும் வாய்க்குப் பொருள்தான் தெரியும். அனுப்பியவன் யாரென்று தெரியாது. நான் எடைபோட்டது செய்தியையா? அதே வார்த்தைகளைத் திண்டிவனத்து வக்கீல் ஒருவர் கிணற்றடியில் நின்று சொல்லியிருந்தால் திண்ணையில் உட்கார்ந்திருப்பேனா? மாட்டேன். பெரியப்பாவிடம் ஓடியிருப்பேன். அப்படியானால் நான் எடைபோட்டது சொன்னவரைத்தான். அவர் இடுப்பில் இருந்த துணியை; அவர் குடிசை இருந்த இடத்தை.

மற்றவர் ஜான் எக்கில்ஸ். ஸினாப்ஸைக் கடப்பது மின்சாரமே என்ற கட்சிக்குப் பல ஆண்டுகள் தலைவராக இருந்தவர். 1951இல் நியூஸிலாந்தில் ஒரு பூனையின் தண்டுவட நரம்பணுவுக்குள் மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செலுத்தி, 'வேண்டாம்' என்று தடுக்கும் ஸினாப்ஸைச் சோதித்தார். அவருடைய கொள்கைப்படி மின்னழுத்தம் ஒரு திசையில் போகவேண்டும். அது எதிர்த்திசையில் போயிற்று. அவர் அதை மறைக்கவில்லை. வேறு சமாதானம் தேடவில்லை. தாம் இதுவரை சொன்னது தவறென்று எழுதினார். பிறகு வாழ்நாள் முழுவதும் எதிர்க்கட்சியின் கொள்கையை வளர்த்து, 1963இல் நோபல் பரிசும் பெற்றார். தமக்குப் பிடிக்காத செய்தி தம்மிடம் வந்து நின்றபோது அதை மேலே அனுப்பினார். உலகமே பார்த்துக்கொண்டிருக்க, தம் தோல்வியையே அனுப்பினார். எனக்கோ, ஒரு பெரியப்பாவின் சுளித்த முகம் போதுமானதாக இருந்தது. அதிலும் அவர் சொல்லாத வாக்கியத்தை அவருக்காக நானே சொல்லி, நானே பயந்து, நானே அடங்கினேன். அவருக்கும் அதில் அநீதி செய்தேன்.

இருளர்களின் அந்த அறிவு என்னவாயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பின்னர் பாம்புத்தோல் வியாபாரமும் நின்றது. பாம்பு பிடித்துப் பிழைத்த இருளர்கள் வயிற்றுக்கில்லாமல் தவித்தார்கள். ரோமுலஸ் விட்டேகர் முயற்சியில் 1978இல் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கையும் பிடித்து, விஷம் எடுத்து, சில வாரங்களில் மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் விஷமுறிவு மருந்து செய்வதற்கு வேண்டிய விஷத்தின் பெரும்பகுதி அவர்கள் கையால் எடுத்துக் கொடுத்தது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நம் வீட்டுத் தாழ்வாரத்தில் கால் வைக்கக்கூடாது என்று ஊர் ஒதுக்கி வைத்தவர்களின் அறிவுதான் இன்று ஊசி வழியாக நம் ரத்தத்தில் ஏறி நம்மைப் பிழைக்க வைக்கிறது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கிறது. பெரும்பாலோர் கிராமத்தவர். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. செய்தி வந்த இடத்திலேயே நின்றுவிடக் கூடாது என்று ஆஸ்பத்திரிகளுக்கு இட்ட கட்டளை அது. திண்ணையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அப்படி ஒரு சட்டம் எழுத முடியாது. அவனேதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஸினாப்ஸைப்பற்றி இன்னொன்றும் உண்டு. அதைப் படித்தபோது எனக்கு அத்தையின் ஞாபகம் வந்தது.

இடைவெளியில் கொட்டிய ரசாயனம் அங்கேயே தங்கிவிட்டால் என்ன ஆகும்? தசை சுருங்கியது சுருங்கியபடியே நிற்கும். அடுத்த செய்திக்கு இடமிருக்காது. ஆகவே, அதை உடனே துடைத்துவிட ஒரு நொதி காத்திருக்கிறது. சாதாரணமாக வேகமென்று நாம் சொல்லுவதெல்லாம் அதனிடம் தோற்றுப்போகும். ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை ஒரே நொதி மூலக்கூறு சிதைத்துவிடுகிறது. எங்கள் பக்கத்து வயல்களில் அடிக்கிற பூச்சிமருந்துகளில் சில இந்த நொதியைத்தான் கட்டிப்போடுகின்றன. மூக்கையும் வாயையும் மூடாமல் நாளெல்லாம் மருந்தடித்த ஆள் வரப்பில் விழுந்து, உடம்பெல்லாம் துடிக்க, வாயில் நீர் வழியக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். அங்கே செய்தி கடக்காமலில்லை. கடந்த செய்தி அழியாமல் கூவிக்கொண்டே இருந்தது. சொல்லாமற் போவதும் ஆளைக் கொல்லும். சொன்னது அழியாமற் போவதும் கொல்லும்.

அத்தை அதற்குப் பிறகு முப்பத்தோராண்டு வாழ்ந்தாள். அந்தப் பத்தாம் நாள் மாலையில் சொன்னதை மறுபடியும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஜாடையாகக்கூடக் காட்டவில்லை. என் கல்யாணத்துக்கு வந்து வாய்நிறைய வாழ்த்தினாள். என் முதல் நாவல் வந்தபோது அவள் மகளை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அவள் மறந்துவிட்டாள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அதை எங்கள் நடுவில் கிடக்க விடவில்லை. மன்னிப்பு என்றால் நடந்ததை விழுங்கிவிட்டு ஒன்றுமில்லை என்று சிரிப்பது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அத்தை அப்படிச் செய்யவில்லை. முதலில் சொல்லவேண்டியதை என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். 'ஆமாம்' என்று தீர்ப்பும் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் துடைத்தாள். நொதியும் செய்தி கடப்பதற்கு இடம் கொடுத்துவிட்டுத்தான் துடைக்கிறது. சொல்லாத ஒன்றைத் துடைக்க யாராலும் முடியாது.

எனக்குள் மட்டும் அது ஏன் அழியவில்லை என்பதற்கும் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அத்தை ஒரு வேட்டியும், ஒரு சேலையும், ஒரு மூட்டை நெல்லும் கொடுத்து என்னை ஏரிக்கரைக்கு அனுப்பினாள். "நீயே கொண்டு போ" என்று அழுத்திச் சொன்னாள். முதியவர் குடிசை வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நெல்லை இறக்கினேன். வேட்டியைக் கொடுத்தேன். இரு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அம்மா நல்லா இருக்காங்களா, சாமி?" என்று கேட்டார். "நல்லா இருக்காங்க" என்றேன்.

"நீங்கள் சொன்னதை நான் உடனே போய்ச் சொல்லவில்லை" என்று அவரிடம் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அத்தை என்னை அனுப்பியிருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. சொல்லியிருந்தால் அவர் என்ன பதில் சொல்லியிருப்பார்? "அதனாலென்ன, சாமி" என்று சிரித்திருக்கலாம். அல்லது, 'எனக்குத் தெரியுமே' என்பதுபோல் ஒரு பார்வை பார்த்திருக்கலாம். வேலியோரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குந்தியிருந்தவரல்லவா? எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு வலை அகலம்தான் இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

அடுத்த கோடையில் அந்தக் குடும்பங்கள் செங்கல் சூளை வேலைக்கென்று எங்கோ போய்விட்டன. ஏரிக்கரையில் குடிசைகள் இருந்த இடம் தெரியாமல் வேலிக்காத்தான் மண்டியது. பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.